குருட்டுக் குழி

பானெவேஜிஸ் நகரம், பிப்ரவரி.
வெளியே மைனஸ் பதினொன்று, ஓவனுக்குள் நூற்றிருபது.
மீன் சுடும் தட்டில் கவிழ்ந்து கிடக்கிறது
என் ஜாவாவின் எஞ்சின் கேஸ், வலது பாதி.
பழைய எண்ணெயின் புகை
படிக்கட்டு வரை போய்விட்டது.
மேல்வீட்டு கெனோவைதே வெந்நீர்க் குழாயைத் தட்டுகிறாள்.
பதிலுக்கு நானும் ஒன்று தட்டுகிறேன்.

பேரிங் சின்னதுதான்.
முன்னால் முகம், பின்னால் சுவர்.
பின்னிருந்து தட்ட வழியில்லாததைக்
குருட்டுக் குழி என்பார்கள்.
குருடு குழிக்கா எனக்கா?

திங்களன்று எண்ணெய் விட்டேன். குடித்தது.
செவ்வாயன்று இழுப்பான் போட்டேன்.
அதன் ஒரு நகம் ஒடிந்து
ஜன்னலோரம் போய் விழுந்தது.
புதனன்று வசவு.
வியாழன் இரவு பால் ஆலையில் ஷிப்ட்:
தயிர் டப்பாக்களின் மூடிகள்
விடிய விடிய
பேரிங் பேரிங்காக என்னைக் கடந்து போயின.

இன்று சூடு.
எஃகைவிட அலுமினியம் அதிகம் விரியும்,
அந்த மயிரிழை போதும், தானே விழும் என்று கணக்கு.
கையுறையோடு தூக்கிப்
பலகைமேல் அறைந்தேன்.
ஒன்று. இரண்டு.
மேலே குழாய்.
மூன்று.
விழுந்தது அலமாரியிலிருந்த உப்பு ஜாடி.

வைதோதாஸ் உப்பைக் கூட்டி அள்ளினான்.
"வேறு வழி இல்லையா, ஸ்கைஸ்தே?"
இருக்கிறது.
சொல்லத்தான் தயக்கம்.
ரொட்டி.
குழிக்குள் ரொட்டியைத் திணித்து
அளவான தண்டு வைத்து அடித்தால்,
போக இடமில்லாமல் அது
பேரிங்கின் முதுகுக்குப் பின்னால் புகுந்து தள்ளும்.

என் கணவன் கோயிலுக்குப் போகாதவன்.
ஆனால் தரையில் விழுந்த ரொட்டியை
எடுத்து முத்தமிடாமல் விடமாட்டான்.
அவன் அம்மா பிர்ஜாயிலிருந்து அனுப்பியது அது,
சீரகம் மணக்கும் கறுப்பு ரொட்டி.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான்.
பிறகு கேஸைப் பார்த்தான்.
பிறகு கத்தியை எடுத்தான்.
"மேலோடு கிடையாது. அது எனக்கு."

திணித்தேன், அடித்தேன்.
இன்னும் கொஞ்சம் ரொட்டி, இன்னும் ஓர் அடி.
முதலில் சதசதவென்ற சத்தம்,
பிறகு கட்டையில் அடிப்பது போல,
பிறகு கல்லில்.
ஏழாவது துண்டில்
வெளி வளையத்தின் ஓரமாக
ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு.
இருவரும் மூச்சு விடவில்லை.

வந்தது.
கறுத்த ரொட்டிப் பசையோடு
என் உள்ளங்கையில் விழுந்து
சுட்டது.

கீழே சிதறிய துணுக்குகளை அவன் பொறுக்கினான்,
ஒவ்வொன்றாக,
உதட்டில் கிரீஸ்.
நான் சிரித்ததற்கு அவனும் சிரித்தான்.

பிறகுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
குழியின் சுவரைச் சுற்றிப் புள்ளிகள்.
பதினேழு.
யாரோ உளிமுனை வைத்துக் குத்தியவை.
தளர்ந்து போன குழியில்
பேரிங் ஆடாமல் நிற்க
எவனோ ஒருவன் செய்த திருட்டு வேலை.
அந்த மேடுகள்தான் இத்தனை நாள் கடித்துப் பிடித்திருந்தன.
"சோம்பேறி. ஏமாற்றுக்காரன்.
வாங்கியவன் தலையில் கட்டிவிட்டான்."
வைதோதாஸ் கேட்டான்:
"அவனிடம் எவ்வளவு காசு இருந்ததோ?"

புதிய பேரிங்
ஃப்ரீசரில் பட்டாணிப் பைக்கடியில் காத்திருந்தது.
எடுத்து வந்து வைத்தேன்.
இறுகவே இல்லை.
ஒரு விரலால் தள்ள
உள்ளே போய் உட்கார்ந்தது,
மழுங்கிய புள்ளிகள் ஏதும் சொல்லவில்லை.
கழற்றும்போது கெஞ்ச வைத்த குழி
மாட்டும்போது கதவைத் திறந்து போட்டிருந்தது.

முறையான வழி தெரியும்:
கடைந்து, பித்தளை வளையம் போட்டு, மறுபடி கடைந்து.
லேத் பட்டறையில் நூற்று நாற்பது யூரோ.
ஃப்ரிட்ஜ் கதவில் ஜனவரி மாத வெப்பக் கட்டண ரசீது,
காந்தத்துக்கடியில், பணம் கட்டாமல்.

வைதோதாஸ் தூங்கப் போனான்.
மேலோட்டை மென்றுகொண்டே
கொஞ்ச நேரம் நின்றிருந்தேன்,
அவன் எனக்குப் பாதி வைத்திருந்தான்.

பிறகு சுத்தியலின் தலையில் துணி சுற்றினேன்,
கெனோவைதேக்காக.
அந்த ஆளின் முதல் புள்ளிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்
உளிமுனையை வைத்தேன்.